கல் கொதிக்கும் வரை

கல்லுக்குள் தண்ணீர் இருக்கிறது என்று சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. நீங்களும் நம்பவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது சார். அதற்காகத்தான் இந்தச் சின்னத் துண்டைக் கொண்டுவந்தேன். கையில் எடுத்துப் பாருங்கள். வெளிறிய ரோஜா நிறம், விளிம்பில் முத்துப்போல ஒரு பளபளப்பு. நடுவில் கட்டிய நாற்று முடி மாதிரி இரண்டு பக்கமும் விரிந்திருக்கிறது. யாரும் செதுக்கியது இல்லை, தானாக இப்படி வளர்வது. இதற்கு ஸ்டில்பைட் என்று பெயர்.

ஏட்டய்யா டீ போடுகிற ஸ்டவ்வில் ஓர் இரும்புக் கரண்டியை வைத்து இதைச் சூடாக்கினால் செத்த நேரத்தில் பொரிந்து உப்பும். மேலே ஒரு கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்துப் பிடித்தால் உள்பக்கம் துளித்துளியாக நீர் படியும். வேண்டாம் என்கிறீர்கள். சரி, வாயால் சொல்கிறேன்.

நான் பேச வந்தது என் மனைவியின் தம்பி சோலைராஜின் சாவைப் பற்றி. எண்பத்து நாலாம் வருஷக் கடைசியில் சஞ்சீவி மலைக்குப் பின்னால் இருக்கிற பழைய கல்குவாரியில் பாறை இறங்கி இறந்துபோனான் என்று இந்த ஸ்டேஷனில் எழுதி முடித்த விவகாரம். பாறை இறங்கியது உண்மை. ஏன் இறங்கியது என்று அப்போது யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இப்போது வரிசையாகச் சொல்கிறேன். என் வேண்டுகோள் ஒன்றுதான். நடுவில் எழுந்து போகக் கூடாது.

என் கால் ஆடிக்கொண்டே இருக்கிறதே என்று பார்க்கிறீர்கள். பயம் இல்லை. காலையிலிருந்து இப்படித்தான், ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. உங்கள் மின்விசிறியில் பேரிங் தேய்ந்திருக்கிறது, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ‘டக்’ விழுகிறது. அது வேறு. மில்லில் ஈரக்காற்று ஓட்டுகிற பிளாண்ட்டுக்கு நான்தான் ஃபிட்டர், இப்படிச் சத்தம் கேட்டால் கை பரபரக்கும். பேசி முடித்தபிறகு ஏணி கொடுத்தீர்களானால் சரிசெய்து தருகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தளவாய்புரம். கல்யாணத்துக்கு முன்னால் நாசிக் பக்கம் ஒரு கல்குவாரியில் கம்ப்ரஸர் ஓட்டப் போனேன். அந்தப் பக்கத்து மலை முழுக்க எரிமலைக் குழம்பு வழிந்து இறுகியது. தோசை மாவைச் சுடுகல்லில் ஊற்றியதும் பொத்துப்பொத்தாகக் குமிழி வருகிறது அல்லவா, அந்தக் குழம்பிலும் அப்படிக் காற்று கிளம்பி வரும். மேல்பக்கம் ஆறி இறுகிவிட்டால் வெளியே போக முடியாமல் உள்ளேயே நின்றுவிடும். குழம்பு கல்லாகும், குமிழி அறையாகும். கடுகளவு அறையும் உண்டு, ஆள் படுக்கிற அளவு அறையும் உண்டு. பிறகு வெதுவெதுப்பான தண்ணீர் பாறைக்குள் கசியும். கசியும்போது கொஞ்சம் கல்லைக் கரைத்து எடுத்துக்கொண்டு போய், அறைச் சுவரில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டுப் போகும். யாரும் அவசரப்படுத்தாததால் அது நிதானமாக, முகம் முகமாக, பட்டை பட்டையாக வளரும். வளரும்போதே தன்னைச் சுற்றி இருக்கிற தண்ணீரையும் உள்ளே வைத்துக் கட்டிக்கொள்ளும். இந்தக் கல்லுக்குள் தண்ணீர் வந்த கதை இதுதான்.

ஒருநாள் நான் துளை போட்டுக்கொண்டிருந்தபோது டிரில் சட்டென்று வெறுமைக்குள் போய்விட்டது. சுவரை உடைத்து டார்ச் அடித்தேன். உள்ளே மூலை முடுக்கெல்லாம் பச்சையும் ரோஜாவும் வெள்ளை ஊசிகளுமாக நின்றன. அந்த அறையில் அதற்குமுன் வெளிச்சமே பட்டதில்லை. எனக்கு உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் நின்றவனுக்கு மராத்தி மட்டும்தான் தெரியும். அவன் எட்டிப் பார்த்துவிட்டுப் பீடி பற்றவைக்கப் போனான். அந்தத் தவிப்பு எனக்குள் இன்னும் இருக்கிறது. இந்தக் காலாட்டமும் அதில் ஒரு பங்குதான்.

ஊர் திரும்பும்போது ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இந்தக் கற்களைக் கொண்டுவந்தேன். ராஜபாளையத்தில் மில் வேலை கிடைத்தது, ஜெயபாயைக் கட்டினேன். சாப்பிடும்போது அவளிடம் கல்லைப் பற்றிச் சொல்வேன்.

“செத்த நேரம் வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடுங்களேன். சோறு எம்புட்டு வைக்கன்னு கேட்டதுக்கு எரிமலையா பதில்?” என்பாள்.

கோபமாகச் சொன்னதில்லை. அவள் பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போவாள். நான் மீதியைச் சுவரைப் பார்த்துச் சொல்லி முடிப்பேன். பாதியில் நிற்கிற விளக்கம் எனக்குத் தொண்டையில் மீன்முள் மாதிரி.

சோலைராஜ் அதே மில்லில் நூல் நூற்கிற ரிங் பிரேம் பகுதியில் மேஸ்திரி. பேசத் தெரிந்தவன். அவன் பேசினால் டீக்கடையில் வடை ஆறிப்போகும். பெண்டாட்டி தங்கபாய், மூன்றாம் வகுப்பு படிக்கிற மகள் பரிபூரணம். என்மேல் பிரியமாகத்தான் இருந்தான். ‘மச்சான், மச்சான்’ என்று வீட்டுக்கு வருவான். என் கற்களை எடுத்து உருட்டிப் பார்ப்பான். ஆனால் நான் குமிழியிலிருந்து தண்ணீருக்கு வருவதற்குள், “ஏக்கா, காப்பி இருக்கா?” என்று உள்ளே போய்விடுவான். ஒருமுறைகூட அவன் அந்தத் தம்ளரில் நீர் படிவதைப் பார்த்ததில்லை.

அந்த வருஷம் ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கற்களைக் காட்டலாம் என்று சொன்னதும் அவன்தான். தேர் பார்க்க வருகிற ஜனமெல்லாம் பார்க்குமே என்றான். ரதவீதியில் வளையல் கடை வைத்திருந்த அல்லா பிச்சை எங்களுக்குப் பழக்கம். கடை வாசலில் ஒரு பெஞ்சுக்கு இடம் கொடுத்தார். நான் ஸ்டவ், கரண்டி, தம்ளர் எல்லாம் வைத்து, வெள்ளைத் துணி விரித்துக் கற்களை வரிசைப்படுத்தினேன். கூட்டம் வந்தது. நான் குழம்பிலிருந்து ஆரம்பித்தேன். குமிழிக்கு வரும்போது முன்வரிசை நகர்ந்துவிட்டது. தண்ணீருக்கு வரும்போது ஒரு கிழவரும் அவர் பிடித்திருந்த ஆடும்தான் மிச்சம்.

அல்லா பிச்சை வளையலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “பொன்னுராஜ் அண்ணே, நீங்க சொல்லுதது எல்லாம் சரிதான். ஆனா கேக்குறவனுக்குக் கால் வலிக்குல்லா.”

சோலைராஜ் சிரித்தான். “நவுருங்க மச்சான், நான் ஒரு சுத்து பாக்கேன்” என்று என் இடத்தில் நின்றான். ஸ்டவ்வைப் பெரிதாக்கினான். கல் பொரிகிற நேரம் பார்த்துக் குரலை உயர்த்தினான்.

“ஏ தாயே, இங்க வாங்க! அனுமாரு சஞ்சீவி மலையைத் தூக்கிக்கிட்டுப் போறப்ப நம்ம ராஜபாளையத்துல ஒரு துண்டு விழுந்துச்சில்லா, அது கூடப் பிறந்த கல்லு இது. வடக்க கெடந்து, தம்பியத் தேடி இங்க வந்திருக்கு. பாருங்க, அழுவுது பாருங்க!”

தம்ளரில் துளி படிந்தது. ஒரு பெண் ‘அம்மாடி’ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். யாரோ குங்குமம் வைத்தார்கள். யாரோ தலையிலிருந்த பூவை எடுத்து என் ஸ்கோலசைட் மேல் வைத்தார்கள். அது வெள்ளை ஊசி ஊசியாக இருக்கிற கல், மூச்சுப் பட்டாலே ஒடியும். ஒடிந்தது. தேர் நகர்ந்து போனபிறகும் கூட்டம் அங்கேயே நின்றது. என் கல், என் தம்ளர், என் தண்ணீர், எல்லாம் சரியாகவே நடந்தது. காரணம் மட்டும் தப்பு. தப்பான காரணத்தை அத்தனை பேரும் கடைசிவரை நின்று கேட்டார்கள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவன் என் தோளில் தலை வைத்துத் தூங்கினான். நான் ஜன்னல் கம்பியை விரலால் தட்டிக்கொண்டே வந்தேன். கண்டக்டர்கூட இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு ஊரில் அந்தக் கதை பரவியது. மில்லில் என்னைப் பார்த்து, “அழுகிற கல்லு வச்சிருக்கியளாமே, காட்டுங்கண்ணே” என்றார்கள். நான் விளக்கினால், “சோலைராஜ் வேற மாதிரில்லா சொன்னாப்ல” என்றார்கள். தவறு என்பது துரு மாதிரி சார். ஒரு போல்ட்டில் பிடித்தால் பக்கத்து போல்ட்டுக்குப் போகும். அதைத் துடைத்தால் போதாது, பிடித்த பாகத்தைக் கழற்ற வேண்டும். நான் அப்போது இப்படிக் கோர்வையாக நினைக்கவில்லை. தூக்கம் வராமல் இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் என் வீட்டில் கறிச்சோறு சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து கேட்டான்: “மச்சான், ஒரு சந்தேகம். நாசிக்ல இருக்கதும் மேற்குத் தொடர்ச்சி மலைதான, நம்ம ஊர்ல இருக்கதும் அதுதான. அப்ப அங்க கெடக்க கல்லு இங்கயும் இருக்குமா, இருக்காதா? சஞ்சீவி மலையே வடக்க இருந்து வந்ததுதானங்கேன்.”

கேட்டுவிட்டு அவன் எழுந்து போகவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு அவன் பதிலுக்குக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

சரியான பதில் சின்னது. மலைத்தொடர் ஒன்று, கல் வேறு. வடக்கே இருப்பது மேலே வழிந்து சீக்கிரம் ஆறிய குழம்பு. நம் பக்கத்துக் கல் பூமிக்கு வெகு ஆழத்தில், பெரும் அழுத்தத்தில் வெந்து இறுகியது. அங்கே குமிழிக்கு இடமே கிடையாது. குமிழி இல்லாவிட்டால் அறை இல்லை. அறை இல்லாவிட்டால் இந்தக் கற்கள் இல்லை. நம் மலையைக் கடைசித் துண்டுவரை உடைத்தாலும் ஒன்றும் கிடைக்காது.

நான் ‘இருக்கலாம்’ என்றேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். அவன் போய்த் தேடட்டும், ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வரட்டும், அப்போது நான் சொல்வதைக் கேட்பான் என்று நினைத்தேன். இதுவும் ஒரு பாடமுறைதான். ஆனால் நாலைந்து வாரம் வெறுங்கையோடு வந்தவன், “கெடைக்கலேன்னா என்ன மச்சான், மலை ஒளிச்சு வச்சிருக்கு” என்று அதற்கும் ஒரு கதை கட்டிவிட்டான். கிடைக்காததும் அவன் கதைக்குத்தான் உதவியது. அதனால் கிடைக்கச் செய்ய வேண்டியதாயிற்று.

இடத்தை நான் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன். பழைய குவாரியின் ஓரத்தில் ஒரு பெரிய உருண்டைப் பாறை உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஆடு மேய்க்கிறவர்கள் அதன் நிழலில் உட்காருவார்கள். பாறை எப்படி உருண்டையாகிறது என்றால், விரிசல் வழியாக மழைநீர் இறங்கும்போது மூலைகள்தான் முதலில் மக்கும். மூலை போனபிறகு நடுவில் பழத்துக்குள் கொட்டை மாதிரி ஒரு நல்ல உருண்டை நிற்கும். அதைச் சுற்றி இருப்பது மக்கிய பாறை. பார்க்கக் கல், கையால் நோண்டினால் உதிரும். குவாரிக்காரர்கள் முன்பக்கத்தை வெட்டி எடுத்துப் போனதில் இந்த உருண்டை மூன்றே இடங்களில் உட்கார்ந்திருந்தது. வலப்பக்கம் ஒரு நல்ல கல். பின்னால் மலையோடு ஒட்டிய விளிம்பு. இடப்பக்கம் மக்கிய பாறை. முக்காலி மாதிரி. முக்காலி ஆடவே ஆடாது. அதனால்தான் பார்க்கிற எவருக்கும் பயம் வராது. ஆனால் நாற்காலிக்கு ஒரு கால் போனால் மீதி மூன்று இருக்கிறது. முக்காலிக்கு அப்படி இல்லை.

முதல் கல்லை வெளியில், பாறைக்குக் கீழே சரிவில் வைத்தேன். மக்கிய மண்ணையே பிசைந்து, கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்துப் பதித்தேன். ஒரு மழை பெய்ததும் இயற்கையாகத் தெரிந்தது. அடுத்த ஞாயிறு அவன் அதைக் கண்டெடுத்தான். மத்தியானம் மூச்சிரைக்க ஓடிவந்து, “மச்சான்… இருக்கு மச்சான்” என்றான். வேறு பேச்சு வரவில்லை. அவனுக்குப் பேச்சு வராமல் போனதை நான் அன்றுதான் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது.

அதற்கடுத்த வாரங்கள் எங்கள் இருவருக்கும் நல்ல வாரங்கள். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவன் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினான். மாலையில் வந்து என் எதிரில் உட்கார்ந்து, “பொறவு?” என்பான். குமிழியைக் கேட்டான். அறையைக் கேட்டான். தம்ளரில் துளி படிகிறவரை கண் எடுக்காமல் பார்த்தான். “அப்ப இது அழுகை இல்லையா மச்சான்?” என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டான். “இல்லடே, உள்ள பூட்டி வச்ச தண்ணி” என்றேன். ஜெயபாய் எங்களைப் பார்த்து, “ரெண்டு பேருக்கும் கல்லுப் பைத்தியம் பிடிச்சிருச்சு. நானும் தங்கபாயும் வேற மாப்பிள்ளை பாத்துக்கிடுதோம்” என்று சிரித்தாள்.

அந்த வாரங்களிலும் நான் மீதிக் கற்களைப் பதித்துக்கொண்டுதான் இருந்தேன். அவன் மில்லில் இருக்கிற ஷிப்டில் நான் குவாரிக்குப் போவேன். ஒன்று பாறையின் உதட்டில். அடுத்தது ஒரு முழம் உள்ளே. குனிந்து போனால்தான் எட்டும். எல்லாம் இடப்பக்கத்தில். பாடம் என்றால் படிப்படியாகத்தான் போக வேண்டும். கடைசிப் படியில் என்னிடம் இருந்ததிலேயே அழகான கல்லை வைத்தேன். அபோபிலைட், கண்ணாடிப் பச்சை. அதை யாருக்கும் கொடுத்ததில்லை.

அவன்தான் நல்ல மாணவனாகிவிட்டானே, அப்போது நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். அதை நானும் யோசித்துப் பார்த்தேன். ஆனால் அவன் கற்றுக்கொண்டது என்ன? குமிழி, அறை, தண்ணீர் எல்லாம் சரி, அதோடு ‘இது நம்ம மலையில இருக்கு’ என்பதையும் சேர்த்து. முன்னால் அவனுடைய பொய் வெறும் கதை. இப்போது அதற்கு என் விளக்கம் முழுவதும் முட்டுக்கொடுத்து நின்றது. அடுத்த ஆடிப்பூரத்துக்குப் பெரிதாகக் காட்டப் போகிறேன், அல்லா பிச்சையிடம் இரண்டு பெஞ்சு கேட்டுவிட்டேன் என்றான். சரியான விளக்கத்தோடு தப்பான செய்தி போனால் அதைத் திரும்பப் பிடிக்கவே முடியாது. நானே வைத்தேன் என்று சொல்லியிருந்தால் அதன்பிறகு நான் சொல்கிற எதையும் அவன் நம்பியிருக்கமாட்டான். குமிழியைக்கூட.

அந்த ஞாயிறு காலை நானும் கூடப் போனேன். அவன் இடுப்புவரை பாறைக்கு அடியில் படுத்துக் கடப்பாரையால் நோண்டினான். மக்கிய கல் பொலபொலவென்று வந்தது. தலையை மட்டும் திருப்பி, “மச்சான், இது விழுந்துராதுல்ல?” என்று கேட்டான்.

“இப்ப விழாது” என்றேன்.

அது அந்த நிமிஷத்தில் உண்மை. மூன்றாவது கால் இன்னும் ஒரு சாண் மிச்சம் இருந்தது. ‘இருக்கலாம்’ என்ற ஒன்றைத் தவிர நான் அவனிடம் தப்பாக எதுவும் சொன்னதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் தண்ணீர்ச் செம்பை எடுக்க வேப்பமரத்தடிக்குப் போனேன். பெரிய சத்தமெல்லாம் இல்லை. பாரம் ஏற்றிய வண்டி பள்ளத்தில் இறங்கினால் வருமே, அப்படி ஒரு சத்தம். பாறை உருளவில்லை, ஒரு பக்கம் உட்கார்ந்தது. நான் கணக்குப் போட்டதும் அப்படித்தான்.

மில்லிலிருந்து ஹைட்ராலிக் ஜாக் கொண்டுவந்து பாறையைத் தூக்கியது நான்தான். வேறு யாருக்கும் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவனை எடுத்தபிறகு ஜாக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்பதற்காக அடியில் மூன்று ஆப்புக் கற்களை அடித்தேன். ஓரத்தில் இரண்டு, நடுவில் ஒன்று. ஓர ஆப்புகள் சும்மா துணைக்கு. பாரம் முழுக்க நடு ஆப்பில்தான். இன்றுவரை அப்படியே நிற்கிறது. பச்சைக் கல்லை எடுக்க முடியவில்லை. அது நடு ஆப்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. சோலைராஜ் அதுவரை எட்டவில்லை.

அவன் சட்டைப்பையில், கைக்குட்டையில் முடிந்து மூன்று கற்கள் இருந்தன. தங்கபாய் அதைத் தொடமாட்டேன் என்றாள். பிள்ளை பரிபூரணம்தான் வாங்கி வைத்துக்கொண்டாள்.

வெயில் வாசற்படியைத் தாண்டி உங்கள் மேஜைக் காலுக்கு வந்துவிட்டது. நான் உள்ளே வரும்போது படிக்கு வெளியே இருந்தது. இன்னும் கொஞ்சம்தான் சார்.

பரிபூரணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வாழ்நாளில் என் பேச்சைக் கடைசிவரை கேட்டவள் அவள் ஒருத்திதான். பள்ளிக்கூடம் விட்டு நேராக என் வீட்டுக்கு வருவாள். “மாமா, ஏன் பச்சையா இருக்கு? ஏன் ஊசியா வளருது? தண்ணியை எடுத்துட்டா கல்லு செத்துப்போகுமா?” என்று கேட்பாள். அதிகம் சுடாமல் ஆறவிட்டால் காற்றிலிருந்து மறுபடியும் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும் என்று காட்டினேன். அன்று கைதட்டினாள். எனக்குப் பிள்ளை இல்லை. சோலைராஜ் இருந்திருந்தால் அவள் இவ்வளவு கற்றிருக்க மாட்டாள் என்று சில சமயம் தோன்றும். அந்த வகையில் நடந்தது முழுக்க வீண் இல்லை.

இப்போது அவள் கல்லூரியில் முதல் வருஷம். போன மாதம் அங்கே ஒரு கண்காட்சி வைத்தார்கள். நானும் ஜெயபாயும் தங்கபாயும் போனோம். பரிபூரணம் வெள்ளைத் துணி விரித்து, ஸ்டவ் வைத்து, குழம்பில் ஆரம்பித்துத் துளி படிகிறவரை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். எல்லாம் என் சொற்கள். ஒருவர்கூட நகரவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. கடைசியில் அந்த மூன்று கற்களைக் காட்டி, “இது எங்க அப்பா நம்ம சஞ்சீவி மலையில கண்டுபிடிச்சது. இதைத் தேடும்போதுதான் அவர் இறந்துபோனார்” என்றாள். முதல் பரிசு கொடுத்தார்கள். ஓர் ஆசிரியர் கல்லூரி ஆண்டுமலரில் இதை எழுதப் போவதாகச் சொன்னார்.

அச்சில் வந்துவிடும் சார். புரிகிறதா? ராஜபாளையத்து மலையில் எரிமலைக் கல் என்று அச்சில் வந்துவிடும். அதைப் படிக்கிற பிள்ளைகள் வேறு பிள்ளைகளுக்குச் சொல்லும். அன்றிலிருந்து நான் உட்கார்ந்து சாப்பிடவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடக்கிறேன். ஜெயபாய் பயந்துபோய் டாக்டரிடம் வாங்க என்கிறாள்.

போன வாரம் பரிபூரணத்தைக் கூப்பிட்டு, “நம்ம மலையில அந்தக் கல் இருக்க வழியில்லம்மா” என்று சொன்னேன். ஏன் என்பதையும் முழுக்க விளக்கினேன். கவனமாகக் கேட்டாள்.

“அப்ப எங்க அப்பா பொய் சொன்னாரா மாமா?”

“இல்லம்மா.”

“நீங்க சொல்லுதது தப்பா?”

“இல்ல.”

“ரெண்டும் சரியா இருக்க முடியாதுல்ல மாமா” என்று சிரித்தாள். “சந்தேகம் வந்தா போய்ப் பாக்கணும்னு நீங்கதான சொல்லுவிய? மலர்ல எழுதப்போற எங்க சாரும் இதையேதான் கேட்டாக, அதான் போன ஞாயித்துக்கிழமையே போய்ப் பாத்தேன். அந்தப் பாறைக்கு அடியில, நடு ஆப்புக்கல்லுக்குப் பின்னால பச்சையா ஒண்ணு மினுங்குது. கையை விட்டா எட்டல. வார ஞாயித்துக்கிழமை கடப்பாரை எடுத்துக்கிட்டுப் போறேன். அது மட்டும் கெடைக்கட்டும், உங்களுக்கும் சொல்லுதேன், சாருக்கும் சொல்லுதேன்.”

நடு ஆப்பைத் தொடாதே என்று நான் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள். அவள் அப்படித்தான் பழகியவள், காரணம் இல்லாமல் எதையும் விடமாட்டாள். காரணத்தைச் சொன்னால் பச்சைக் கல் அங்கே எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் அவள் அதற்குமேல் என் பேச்சைக் கேட்கமாட்டாள். அதனால்தான் அவளிடம் சொல்லாமல் உங்களிடம் சொல்ல வந்தேன். நீங்கள் எழுதிக்கொண்டால் ஆண்டுமலரையும் திருத்திவிடலாம்.

ஆமாம், இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைதான்.

இங்கே வருகிற வழியில் அவளைப் பார்த்தேன். சைக்கிள் கேரியரில் கடப்பாரையைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். மணி அடித்துவிட்டு, “போயிட்டு வாரேன் மாமா” என்றாள். நானும் கையசைத்தேன். தெருவில் நிறுத்தி வைத்துப் பாதி விஷயம் சொல்வது எனக்கு வராது.

உட்காருங்கள் சார். ஏட்டய்யா, எதற்கு ஜீப் சாவி? கயிறு கட்டி இழுத்தால் பாறை உங்கள் பக்கம்தான் வரும், ஜாக்கை வலப்பக்கத்து நல்ல கல்மேல்தான் வைக்க வேண்டும், அதை நான் இன்னும் சொல்லவே இல்லை.

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கத்துகிறீர்கள். அவளைக் காப்பாற்றத்தானே சார் நான் வந்ததே. ஆனால் முதலிலேயே சொல்லியிருந்தால் நீங்கள் அப்போதே எழுந்து ஓடியிருப்பீர்கள். கல்லுக்குள் தண்ணீர் எப்படி வந்தது என்பதை யார் உட்கார்ந்து கேட்டிருப்பார்கள்?